மூன்றடித் தொட்டியில் பாங்காய் கார்டினல்: ஐந்து வேண்டாம், ஒரு ஜோடி போதும்

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், கப்பி என்று பல வருடங்களாக நன்னீர் மீன் வளர்க்கிறேன். வீட்டில் உள்ள மூன்றடித் தொட்டியைக் கடல்நீர்த் தொட்டியாக மாற்ற ஆசை. சண்டை போடாத மீனாக ஒன்று சொல்லுங்கள் என்று கடையில் கேட்டேன். பாங்காய் கார்டினலைக் காட்டி, "இது ரொம்பச் சாது, கூட்டமாக விட்டால்தான் அழகு, ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். எடுக்கலாமா? நன்னீர் அனுபவம் இதற்குப் போதுமா?

பதில்:

எடுக்கலாம். உங்கள் தொட்டிக்கும் பொருந்தும், கடல்நீருக்குப் புதிதாக வருகிறவருக்கும் பொருந்தும். ஆனால் ஐந்து எடுக்காதீர்கள். ஒன்று எடுங்கள், அல்லது ஜோடி சேர்ந்த இரண்டு எடுங்கள். அவை தொட்டியில் பிறந்து வளர்ந்தவையாக இருக்கட்டும். கடலில் பிடித்தவை என்று தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். இதில் நான் கறாராக இருக்கக் காரணம் உண்டு. அதைச் சொல்லிவிட்டுத் தொட்டிக்கு வருகிறேன்.

இந்த மீனுக்கு உலகத்தில் சொந்த ஊர் ஒன்றுதான். இந்தோனேசியாவில், சுலாவெசி தீவுக்குக் கிழக்கே உள்ள பாங்காய் தீவுக்கூட்டம். அங்கேயும் ஆழ்கடலில் கிடையாது. அலை அடங்கிய குடாக்களில், பெரும்பாலும் ஒரு ஆள் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்தில், கறுத்த நீண்ட முட்கள் உள்ள கடல் முள்ளெலிகளுக்கு நடுவிலும், கடல் சாமந்திகளுக்கும் கிளைப் பவளங்களுக்கும் இடையிலும், கடற்புல் திட்டுகளிலும் வாழ்கிறது. அது வாழத் தகுந்த இடம் முழுவதையும் கூட்டினாலும் சில பத்து சதுர கிலோமீட்டர்தான் தேறும். ஸ்வீடன் நாட்டு விலங்கியலாளர் வால்டர் கவுடர்ன் 1920-இல் இதைச் சேகரித்தார். 1933-இல் கௌமன்ஸ் என்பவர் விவரித்து, கவுடர்ன் பெயரையே சேர்த்து டெரபோகன் கவுடர்னி என்று பெயரிட்டார். அதன்பிறகு ஏறத்தாழ அறுபது வருடம் இந்த மீனை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1990-களின் நடுவில் ஜெரால்ட் ஆலன் என்ற மீனியல் அறிஞர் அங்கே போய்ப் பார்த்து எழுதினார், படங்கள் வெளியாயின. வெள்ளி உடம்பில் மூன்று கறுப்புப் பட்டைகள், துடுப்பெல்லாம் வெள்ளைப் புள்ளி தெளித்தது போல, ஆழமாகப் பிளந்த வால். பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். 2000-க்குப் பிறகான சில வருடங்களில் ஆண்டுக்கு 6 லட்சத்துக்கும் அதிகமான மீன்கள் அந்தச் சிறிய கடற்பகுதியிலிருந்து பிடிக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 2007-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் 'அருகிவரும் இனம்' என்று ஏறியது. 2016-இல் அமெரிக்கா தன் அழிவாபத்து இனங்கள் சட்டத்தின் கீழ் இதைச் சேர்த்தது.

பிடித்தால் மறுபடி பெருகாதா என்று கேட்பீர்கள். மற்றப் பவளப்பாறை மீன்களாக இருந்தால் ஓரளவு பெருகும். அவற்றின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் பொரிந்து, நீரோட்டத்தோடு பல நாள், பல வாரம் மிதந்து எங்கோ போய்ச் சேரும். ஓரிடத்தில் மீன் குறைந்தாலும் வேறிடத்துக் குஞ்சு வந்து நிரப்பும். பாங்காய்க்கு அந்த மிதக்கும் பருவமே கிடையாது. ஆண் மீன் முட்டையை வாயில் வைத்துக் காத்து, குஞ்சு முழு மீனாக உருவான பிறகு, தான் இருக்கும் இடத்திலேயே வெளியே விடுகிறது. குஞ்சு அங்கேயே முட்களுக்குள் ஒதுங்கி அங்கேயே வளர்கிறது. அதனால் ஒரு குடாவில் உள்ளவற்றுக்கும் பக்கத்துத் தீவில் உள்ளவற்றுக்கும் மரபணுவிலேயே வேறுபாடு தெரிகிறது. ஒரு குடாவைக் காலி செய்துவிட்டால் பக்கத்துக் குடாவிலிருந்து மீன் வந்து நிரப்பாது.

இதே இயல்புதான் நமக்குச் சாதகமும். மிதக்கும் பருவம் இல்லாததால், வீட்டிலேயே குஞ்சு எடுத்து வளர்க்க முடிகிற மிகச் சில கடல் மீன்களில் இது ஒன்று. தாய்லாந்து போன்ற இடங்களில் பெரிய அளவில் பண்ணையில் வளர்க்கிறார்கள். அப்படி இருக்கும்போது கடலில் பிடித்ததை வாங்க எந்த நியாயமும் இல்லை.

உங்கள் பணத்தைக் காக்கிற காரணமும் உண்டு. கடலில் பிடித்து, பல கை மாறி, பல நாள் பட்டினியோடு வரும் பாங்காய் மீன்களை ஓர் இரிடோவைரஸ் தாக்குகிறது. 2009-இல் அதை அடையாளம் கண்டு எழுதினார்கள். மீன் சாப்பாட்டை விடும், உடம்பு கறுக்கும், மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்கும், வெள்ளை நூல் போலக் கழிவு தொங்கும், சில நாளில் முடிந்துவிடும். மருந்து கிடையாது. "பாங்காய் வாங்கினேன், ஒரு வாரத்தில் எல்லாம் போய்விட்டது" என்று புலம்புகிறவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் வந்து இறங்கிய மறுநாளே வாங்கியிருப்பார்கள்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் நேராகக் கேளுங்கள்: "இது பண்ணை மீனா, கடல் மீனா? எங்கிருந்து வந்தது? வந்து எத்தனை நாள் ஆச்சு?" பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். பண்ணை மீன்கள் பொதுவாக ஒரே அளவில், மூன்று நான்கு சென்டிமீட்டரில் வரும். கடல் மீன்கள் பெரிதும் சிறிதுமாகக் கலந்து வரும். இது முழு நிச்சயமான அடையாளம் ஆகாது, ஆனால் உதவும். பிறகு, உங்கள் கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். உறைய வைத்த மைசிஸோ ஆர்டீமியாவோ (இரண்டும் மீன்தீனியாக விற்கும் இறால் போன்ற சிற்றுயிரிகள்) ஒரு சிட்டிகை போட்டால், நல்ல மீன் இருந்த இடத்தைவிட்டு அரையடி நகர்ந்து, ஒவ்வொன்றாகக் குறிபார்த்து 'டப்' என்று வாயை நீட்டி எடுக்கும். பார்த்துவிட்டு எடுக்காமல் நிற்பதையும், வாயில் வாங்கித் துப்புவதையும் விட்டுவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் தலைக்குப் பின்னால் முதுகு ஒடுங்கித் தெரியக்கூடாது. வயிறு உள்வாங்கியிருக்கக்கூடாது. பிடித்த மீனுக்கு முன்பணம் கொடுத்து, இரண்டு வாரம் கடையிலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் ஒத்துக்கொள்வார்.

இனி அந்த ஐந்து விஷயம். கடையில் கூட்டமாக நிற்பது உண்மைதான், ஏனென்றால் அங்கே இருப்பவை குஞ்சுப் பருவத்து மீன்கள். இளசாக இருக்கும்வரை ஒட்டிக்கொண்டே திரியும். வளர்ந்ததும் இரண்டு ஜோடி சேரும். சேர்ந்த நாளிலிருந்து மற்ற மூன்றையும் மூலைக்குத் துரத்தும். கடித்துக் குதறுகிற சண்டையாக இருக்காது. ஒரு பார்வை, ஒரு பாய்ச்சல், அவ்வளவுதான். ஆனால் மூன்றடித் தொட்டியில் ஒதுங்கிப் போக இடம் இல்லாததால், துரத்தப்பட்ட மீன் சாப்பிட வெளியே வராமல் மெலிந்து சாகும். கடலில் அது அடுத்த முள்ளெலிக்குப் போய்விடும். கடைக்காரர் சாது என்று சொன்னது மற்ற இன மீன்களிடம் காட்டும் குணத்தைப் பொறுத்தவரை முழு உண்மை. தன் இனத்திடம் அப்படி இல்லை.

ஆண் எது பெண் எது என்று வெளியே பார்த்துச் சொல்வது கடினம். துடுப்பு நீளத்தை வைத்துச் சொல்கிறவர்கள் உண்டு, அதை நம்பவேண்டாம். கடைத் தொட்டியில் பத்துப் பதினைந்து நிற்கும்போது, வளர்ந்த இரண்டு மட்டும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை விரட்டினால், அதுதான் ஜோடி. அந்த இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். அப்படிக் கிடைக்கவில்லை என்றால் ஒன்றே ஒன்று போதும். தனியாக இருந்தால் ஏங்கிப்போகும் என்று பயப்படத் தேவையில்லை, நன்றாகவே இருக்கும். வளர்ந்தால் எட்டு சென்டிமீட்டர் அளவுதான், தொட்டியில் நான்கைந்து வருடம் வரை வாழும்.

நன்னீர் அனுபவம் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். தினமும் மீனைக் கவனிக்கிற பழக்கம் இருக்கிறதல்லவா, அது பெரிய சொத்து. ஆனால் மூன்று இடங்களில் அந்த அனுபவமே காலை வாரும்.

முதலாவது அம்மோனியா. நன்னீர்த் தொட்டியில் தண்ணீரின் பி.எச். (அமிலத்தன்மை, காரத்தன்மையின் அளவு) ஏழை ஒட்டி இருக்கும். அங்கே அம்மோனியாவில் பெரும்பங்கு அதிகம் நஞ்சில்லாத வடிவத்தில் இருப்பதால், புதுத் தொட்டியில் இரண்டு மீனை விட்டு ஓட்டிவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறோம். கடல்நீரின் பி.எச். 8.1-லிருந்து 8.4. அந்த அளவில் அதே அம்மோனியாவின் நஞ்சுப் பங்கு பத்து மடங்குக்கு மேல் கூடுகிறது. ஆகவே 'மீனை விட்டுத் தொட்டியைப் பழக்குவது' இங்கே கூடாது. மீன் இல்லாமல், அம்மோனியாக் கரைசலை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு வருமாறு சேர்த்து, பாக்டீரியா வளரவிடுங்கள். முதலில் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும், பிறகு நைட்ரைட் இறங்கி நைட்ரேட் ஏறும். சேர்த்த அம்மோனியா ஒரே நாளில் முழுவதும் நைட்ரேட்டாக மாறி, மற்ற இரண்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். சென்னை வெப்பத்தில் கொஞ்சம் சீக்கிரமே ஆகலாம், ஆனால் நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், சோதனைக் கிட்டைப் பாருங்கள்.

இரண்டாவது தண்ணீர். குளோரின் போக ஒரு நாள் பிடித்துவைத்த குழாய்த் தண்ணீர் இங்கே செல்லாது. போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். உப்பு கலக்குவதற்கு முன் தண்ணீரில் எதுவும் இருக்கக்கூடாது: கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ.வில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரைத் திருப்பிக் கலக்கும் வால்வு இருக்கும். அதனால் முப்பது, ஐம்பது, நூறு என்று காட்டும். அதை மூடிவிட்டு, கடைசியில், மிச்ச உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குழாயைச் சேர்த்தால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இதில் மிச்சம் பிடித்தால் பின்னால் பாசி தொட்டியையே மூடும். செயற்கைக் கடலுப்பு லிட்டருக்கு 35 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தனி டிரம்மில் பம்ப் போட்டு ஒரு நாள் சுழலவிட்டு, உப்பளவு காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, ஒப்படர்த்தி 1.024, 1.025 அளவில் நிறுத்துங்கள். ரிஃப்ராக்டோமீட்டரை அதற்கான, ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பளவுள்ள கரைசலால் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். மலிவான மிதவை மானியை மட்டும் நம்பாதீர்கள்.

மெரினாவிலிருந்தோ பெசன்ட் நகரிலிருந்தோ கேனில் கடல்நீர் எடுத்துவந்தால் என்ன என்ற யோசனை எல்லாருக்கும் வரும். கூவமும் அடையாறும் கலக்கும் கரை அது. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் சேர்ந்து கரையோர நீரின் உப்பே குறைந்துவிடும். வேண்டாம்.

ஆவியாகும் நீரை ஈடு செய்யும்போது உப்பு கலக்காத ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்ற வேண்டும். ஆவியாவது தண்ணீர், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். தொட்டி குறைகிறதே என்று உப்புநீரை ஊற்றினால் ஒரு மாதத்தில் உப்பு ஏறி மீன் திணறும். வெயில் காலத்தில் ஃபேன் வைத்த மூன்றடித் தொட்டியில் தினமும் இரண்டு மூன்று லிட்டர் குறைவது சாதாரணம். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் அந்தக் கோடு வரை ஆர்.ஓ. நீரால் நிரப்புங்கள்.

மூன்றாவது வெள்ளைப்புள்ளி நோய். நன்னீரில் ஒரு பிடி கல்லுப்புப் போட்டு, ஹீட்டரை ஏற்றினால் போய்விடும். கடல் மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி முற்றிலும் வேறு உயிரி, கிரிப்டோகேரியான் என்று பெயர். உப்பிலேயே வாழ்வதற்கு உப்பு என்ன செய்யும்? வெப்பமும் எடுபடாது. செம்பு மருந்து வேலை செய்யும், ஆனால் அது இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொன்றுவிடும், கல்லிலும் மணலிலும் ஊறிக்கொள்ளும். அதனால் மருந்தெல்லாம் தனித் தொட்டியில்தான். பெரிய தொட்டிக்குள் அந்த உயிரி ஒருமுறை புகுந்துவிட்டால், மீன்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து இரண்டரை மாதம் போலத் தொட்டியை மீன் இல்லாமல் போட்டுவைக்க வேண்டிவரும்.

இந்தத் தொல்லையைத் தடுக்க நாற்பது ஐம்பது லிட்டரில் ஒரு வெறும் தொட்டி போதும். மணல் வேண்டாம், கல் வேண்டாம். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டு. ஸ்பாஞ்சை முன்கூட்டியே பெரிய தொட்டியில் போட்டுப் பழக்கிவைத்திருங்கள். எந்த மீன் வந்தாலும் நான்கு வாரம் இதில் இருந்துவிட்டுத்தான் பெரிய தொட்டிக்குப் போகவேண்டும். தனித் தொட்டிக்கு இடம் இல்லை என்பவர்களிடம், கடல் மீனை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள் என்றே சொல்வேன்.

பையிலிருந்து மாற்றும்போது, வெளியூரிலிருந்து கூரியரில் வந்த மீன் என்றால் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலக்காதீர்கள். பைக்குள் மீன் மூச்சுவிட்டுக் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அம்மோனியாவும் சேர்ந்திருக்கும். பி.எச். குறைவாக இருக்கும்வரை அந்த அம்மோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அம்மோனியா நஞ்சாகும். ஆகவே பை நீரின் உப்பளவை முன்பே கேட்டு, தனித் தொட்டியை அதே அளவில் வைத்து, வெப்பம் சமமானதும் மீனை மட்டும் எடுத்து மாற்றிவிடுங்கள். பை நீரைக் கொட்டிவிடுங்கள். அரைமணி தூரத்துக் கடை என்றால் இந்தக் கவலை குறைவு.

வெப்பம் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். பாங்காய் தீவுகள் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பவை. அந்த ஆழமில்லாத குடாக்களில் தண்ணீர் 28 டிகிரி, அதற்கு மேலும் இருக்கும். புத்தகங்கள் சொல்லும் 24 முதல் 27 வரை வைத்தால் நல்லது, ஆனால் 28, 29-இல் இந்த மீன் வாடாது. 30-ஐத் தாண்டும்போது தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, அதுதான் பிரச்சினை. மீன் மட்டும் வைக்கிறீர்கள் என்றால் நீர்ப்பரப்பின் மேல் ஒரு ஃபேன், நீரைக் கலக்கிவிடும் ஒரு பம்ப் இருந்தால் ஏப்ரல், மே மாதங்களைக் கடக்கலாம். ஈரக்காற்று உள்ள நாட்களில் ஃபேன் அவ்வளவாகக் குளிர்விக்காது என்பதை மனதில் வையுங்கள். பவளம் வைக்க ஆசை வந்தால், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் இறங்காதீர்கள்.

மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். மின்சாரம் போனதும் தானாக ஓடத் தொடங்கும் வகை கிடைக்கிறது. புயல் நாட்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் போவது நமக்குப் புதிதல்ல. இன்வெர்ட்டர் இருந்தால் ஹீட்டரையும் விளக்கையும் அதில் சேர்க்காமல் ஒரு பம்பை மட்டும் சேர்த்தால் நீண்ட நேரம் தாங்கும்.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் உங்கள் தொட்டி ஏறத்தாழ 180 லிட்டர் பிடிக்கும். கல், மணல் போக 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடிக்குத் தாராளம். பாங்காய் விரைந்து நீந்தும் மீன் இல்லை. ஒரே இடத்தில் மிதந்தபடி, துடுப்பை மெல்ல அசைத்துக்கொண்டு நிற்கும். அதனால் நீரோட்டம் மிதமாக இருக்கட்டும். வேவ்மேக்கரை (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) முழு வேகத்தில் அதன் முகத்துக்கு நேராக வைத்தால் நாள் முழுவதும் எதிர்த்து நீந்தியே களைத்துப்போகும். கற்களை மலை போலக் குவிக்காமல், கிளை கிளையாக நிற்கும்படி, மீன் நடுவில் புகுந்து நிற்க இடைவெளி விட்டு அடுக்குங்கள். உண்மையான முள்ளெலி வைக்கலாம், ஆனால் அதன் முள் மிக நீளமாக வளரும், குத்தினால் கடுமையாக வலிக்கும், மூன்றடித் தொட்டியில் கைவைக்கிறபோதெல்லாம் பயம். சிலிக்கானில் செய்த செயற்கை முள்ளெலியை வைத்தாலும் மீன் அதற்குள் போய் நின்றுகொள்கிறது. விளக்கு சாதாரணமாக இருந்தால் போதும். இருட்டிலிருந்து திடீரென்று பளீர் என்று போடாதீர்கள், மிரண்டு கண்ணாடியில் மோதும்.

கல் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். ராமேசுவரம் பக்கத்திலிருந்து 'லைவ் ராக்' (கடலிலிருந்து எடுத்த, உயிரிகள் படிந்த பவளக் கல்) வந்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்று யாராவது கேட்டால் தொடாதீர்கள். கடினப் பவளங்கள் எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிரோடு இருந்தாலும் செத்த துண்டாக இருந்தாலும் எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல், 1986-இலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் ஒருகாலத்தில் அந்தப் பவளத்தை வெட்டி எடுத்தே பெரும் சேதம் ஆகியிருக்கிறது. நம் வரவேற்பறை அழகுக்கு அதிலிருந்து இன்னும் ஒரு கல் வேண்டாம். செயற்கைக் கல்லும் நுண்துளைப் பீங்கான் கட்டிகளும் அதே பாக்டீரியாவை வளர்க்கும், சில வாரம் கூடுதலாகப் பொறுத்தால் போதும்.

துணை மீன்களாக, சாதாரணக் கோமாளி மீன் ஒரு ஜோடி நன்றாகப் பொருந்தும். கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைக்கும் தொழில்நுட்பம் நம் கரையிலேயே, மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் மையத்திலும் வளர்க்கப்பட்டிருக்கிறது. எனவே பண்ணை மீனாகக் கேட்டு வாங்குவது இதில் இன்னும் எளிது. ஃபயர்ஃபிஷ் கோபி வைக்கலாம், அது துள்ளி வெளியே விழும், வலை மூடி போடுங்கள். சுத்தம் செய்யும் இறால் வைக்கலாம். டாம்செல் மீன்கள், டாட்டிபேக், மெரூன் கோமாளி, டிரிகர் இவற்றைச் சேர்க்காதீர்கள். மலிவு, உறுதி என்று கடையில் முதலில் டாம்செலைத்தான் தள்ளிவிடுவார்கள். அது பாங்காயின் நீண்ட துடுப்பைக் கிழித்துவிடும், தீனியையும் முந்திக்கொள்ளும். லயன்ஃபிஷ், கலவா போன்றவை பாங்காயையே விழுங்கும்.

தீனி தினமும் இரண்டு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. கடலில் இது மிதந்துவரும் நுண்ணிய இறாலினங்களைத் தின்று வாழ்வது. அதனால் கீழே விழுந்ததைத் தேடித் தின்னாது, கண் முன்னால் அசைந்து வருவதைத்தான் எடுக்கும். உறைந்த மைசிஸைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பைப்பெட்டில் எடுத்து அதன் எதிரே மெல்ல விடுங்கள். ஆர்டீமியாவை மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தால் சத்து போதாது, மீன் எண்ணெய்ச் சத்துக் கலவையில் ஊறவைத்துக் கொடுங்கள். சந்தையில் வாங்கிய புது இறாலை, மஞ்சளோ உப்போ படாமல், உறையவைத்துப் பொடியாகத் துருவியும் கொடுக்கலாம். குருணைத் தீனிக்குச் சில மீன் பழகும், சில கடைசிவரை திரும்பிக்கூடப் பார்க்காது. வற்புறுத்த முடியாது.

ஜோடி நிலைபெற்றுவிட்டால், ஒரு நாள் ஆண் மீன் சாப்பிட வராது. பதறாதீர்கள். விளக்கைச் சாய்த்துப் பக்கவாட்டில் பாருங்கள்: தாடை சதுரமாக விரிந்து, தொண்டைக்குக் கீழே பை போலத் தொங்கும். அவ்வப்போது வாயை லேசாகத் திறந்து உள்ளே இருப்பதைப் புரட்டும். அப்போது ஆரஞ்சு நிறத்தில், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் இருக்கும் முட்டைகள் தெரியும். நாற்பதும் இருக்கலாம், எண்பது தொண்ணூறும் இருக்கலாம். நாட்கள் போகப் போக, முட்டைக்குப் பதில் வெள்ளிக் கண்கள் தெரியத் தொடங்கும். பொரிய ஏறத்தாழ இருபது நாள். பொரிந்த குஞ்சுகளை இன்னும் ஒரு வாரம், பத்து நாள் வாயிலேயே வைத்திருக்கும். இந்த முழுக் காலமும் அது எதுவும் தின்பதில்லை. அதனால் ஒரு ஈட்டுக்குப் பிறகு மெலிந்துவிடும். உடனே அடுத்த ஈடு எடுக்கத் தொடங்கினால், பெண்ணைத் தடுப்புக் கண்ணாடிக்கு அப்பால் சில வாரம் வைத்து, ஆணை நன்றாகச் சாப்பிடவிடுங்கள். முதல் ஈட்டு முட்டையைப் பாதியில் துப்பிவிடுவதோ விழுங்கிவிடுவதோ உண்டு, இளம் மீன்களிடம் அது வழக்கம்.

குஞ்சு வேண்டும் என்றால், முட்டை எடுத்த மூன்றாவது வாரத்துக்குப் பிறகு ஆண் மீனை ஒரு டப்பாவில் மொண்டு, வலையில் பிடிக்காமல், தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். வலை பட்டால் அதிர்ச்சியில் துப்பிவிடும். குஞ்சு வெளியே வரும்போதே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, மூன்று பட்டையும் வாலுமாக, தாய் தந்தையின் அச்சாகவே இருக்கும். அன்றைக்கே புதிதாகப் பொரித்த ஆர்டீமியாவைத் தின்னும். அந்த ஆர்டீமியாவைச் சத்துக் கலவையில் சில மணி நேரம் வளர்த்துக் கொடுக்கவேண்டும், இதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். கொழுப்புச் சத்து குறைந்த குஞ்சுகள் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மூடியைத் திறக்கிற சத்தத்துக்கோ திடீர் வெளிச்சத்துக்கோ அதிர்ந்து, சுழன்று, அப்படியே செத்துவிழும். சத்துக் கலவையோடு, தொட்டியின் மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டி, இரவில் மங்கலான ஒரு விளக்கை எரியவிட்டால் இந்தச் சாவு வெகுவாகக் குறையும். ஒளிந்துகொள்ள சிலிக்கான் முள்ளெலியோ, நைலான் இழைகளைக் கட்டிய கொத்தோ போடுங்கள். தினமும் நான்கைந்து முறை கொஞ்சமாகத் தீனி, அடியில் தங்கியதைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, அதே அளவு கலந்துவைத்த உப்புநீர்.

மூன்று நான்கு மாதத்தில் மூன்று சென்டிமீட்டர் ஆகிவிடும், துரத்தலும் தொடங்கும். அதற்கு முன்பே அவற்றுக்கு வீடு பார்த்துவிடுங்கள். உறைந்த தீனிக்குப் பழக்கிய குஞ்சுகளாகக் கொடுத்தால் கடைகள் மாற்றாக உப்போ தீனியோ கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. கொடுக்கும்போது தொட்டியில் பிறந்தவை என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டச் சொல்லுங்கள், உங்களைப் போலக் கேட்டு வாங்க வருகிறவருக்கு அது உதவும்.